தொண்ணூறு நாளுக்குப் பிறகு

வெப் டெவலப்மென்ட் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே ஐதராபாத்தில் பதிலை எழுதிப் பலகையாக மாட்டியிருப்பார்கள். அமீர்பேட்டில் மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியும், ஆதித்யா என்கிளேவ் வளாகத்திலும், பழைய சத்யம் தியேட்டர் இருந்த பக்கத்திலும் மாடிக்கு மாடி பயிற்சி மையங்கள். ஃபுல் ஸ்டாக் ஜாவா, ஃபுல் ஸ்டாக் பைத்தான், டாட் நெட், ரியாக்ட் என்று பாடத்தின் பெயர். அதன் கீழே 45 நாள், 60 நாள், 90 நாள் என்று கணக்கு. அதற்கும் கீழே அடுத்த பேட்ச் தொடங்கும் தேதி, ஆசிரியர் பெயர். டெமோ கிளாஸ் இலவசம்.

இந்த ஊரில் வெப் டெவலப்பராக வேலை பார்க்கிறவன் நான். அலுவலகம் மாதாப்பூரில். வார இறுதியில் எஸ்.ஆர். நகர் ஹாஸ்டல்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் எழுதிய நிரலைப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஊரிலிருந்து மகனையோ மகளையோ கொண்டுவந்து விடும் அப்பாக்கள் என்னிடம் கேட்பதும் அதே கேள்விதான்: "சார், எத்தனை மாசத்துல வேலைக்குப் போகலாம்?" நான் சொல்லும் பதில் பலகையில் இருப்பதைவிட நீளமானது. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு உட்காரும் அளவுக்குக் கைவர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு. ஒரு வேலையைத் தனியாக நம்பிக் கொடுக்கும் அளவுக்கு வர மூன்று ஆண்டு. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் உட்காருகிறவர்களுக்கான கணக்கு இது. ஏன் இவ்வளவு என்று அந்த அப்பாக்களுக்கு நின்று விளக்க நேரம் இருப்பதில்லை. இங்கே விளக்குகிறேன்.

முதலில் அமீர்பேட்டுக்குச் சேர வேண்டிய மரியாதையைச் சொல்லிவிடுகிறேன். 1998இல் சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதே ஆண்டு ஐதராபாத் ஐஐஐடி தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் இந்திய மென்பொருள் மையமும் இங்கே வந்தது. ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வெளிவந்தவர்களுக்கோ கல்லூரிப் பாடத்துக்கும் நிறுவனம் கேட்கும் வேலைக்கும் நடுவே பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தை அரசாங்கமோ பல்கலைக்கழகமோ நிரப்பவில்லை. அமீர்பேட்டின் வாடகை அறைகளில் மைக் பிடித்து, நூறு இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் கோர் ஜாவா நடத்திய ஆசிரியர்கள்தான் நிரப்பினார்கள். அவர்கள் கரும்பலகையில் எழுதியதை ஒரு மாணவர் அழகான கையெழுத்தில் எடுத்து வைக்க, அந்த நோட்டு ஜெராக்ஸ் கடையில் பிரதி பிரதியாக விற்றது, இன்றும் விற்கிறது. ஒய்2கே காலத்தில் கோபோல், மெயின்ஃப்ரேம். பிறகு ஆரக்கிள், ஜாவா, டாட் நெட். பிறகு டெஸ்டிங், ஹடூப், கிளவுட். இப்போது ஃபுல் ஸ்டாக். தொழில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இந்தத் தெருப் பலகைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் இதே பாணிப் பயிற்சிக்கு 'பூட்கேம்ப்' என்று பெயர் வைத்து, அதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசியது 2012க்குப் பிறகு. அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் 2017இல் மூடப்பட்டது. அமீர்பேட் அதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டு முன்பே இதைச் செய்துகொண்டிருந்தது, இன்னமும் செய்கிறது.

ஆகவே அந்த 90 நாளில் உண்மை இருக்கிறது. அந்த நாட்களில் சிலபஸ் முடியும். சில பகுதிகளை உண்மையாகவே நெருக்கிப் படிக்கலாம். எச்டிஎம்எல் அப்படிப்பட்டது. தலைப்பு எது, பத்தி எது, ஃபார்ம் எது என்று பிரவுசருக்குச் சொல்லும் அடையாளங்கள்; இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். சிஎஸ்எஸ் இன்னும் கொஞ்சம் பிடிவாதமானது என்றாலும், முன்பிருந்த அளவுக்கு இல்லை. ஒரு பெட்டியைத் திரையின் நட்டநடுவில் நிறுத்துவதற்கு நாங்கள் ஒரு காலத்தில் ஃப்ளோட், நெகட்டிவ் மார்ஜின் என்று என்னென்னவோ செய்தோம். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்து சேர்ந்தது; ஃப்ளெக்ஸ்பாக்ஸ் அதற்கு முன்பே பரவியிருந்தது. இப்போது வருகிற பிள்ளைகள் அந்தப் பழைய வித்தைகளைத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. அவர்களுக்கு இதில் மிச்சமான மாதங்களை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

நேரம் கூடத் தொடங்குவது ஜாவாஸ்கிரிப்ட்டில். 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அந்த அவசரத்தின் தழும்புகள் மொழியில் இன்னும் இருக்கின்றன. 'நல்' என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். அதன் வகை என்ன என்று ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்கிறது. திருத்தினால் உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ தளங்கள் உடையும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இதை ஒரு மாணவருக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவருக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் உண்மையாகக் கடினமாக இருப்பது வேறு: எழுதிய வரிசையிலேயே எல்லாம் நடப்பதில்லை என்பது. சர்வரிடம் ஒரு தகவல் கேட்கிறோம். பதில் வரும்வரை நிரல் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பதில் பிறகு வந்து சேர்கிறது, அல்லது வராமலே போகிறது. 'பிராமிஸ்', 'அவெய்ட்' என்ற சொற்களை நான்காம் வாரமே சிலபஸில் படித்துவிடலாம். ஆனால், திரையில் 'அன்டிஃபைன்ட்' என்று வந்து நிற்கும்போது, "இன்னும் பதில் வந்து சேரல, அதான்" என்று யோசிக்காமல் கண் தானாகக் கண்டுபிடிப்பதற்கு எனக்குத் தெரிந்த எல்லோருக்குமே மாதங்கள் பிடித்திருக்கின்றன. புத்திசாலிகளுக்கும் அப்படித்தான்.

இதோடு சர்வர் பக்கம் ஒரு மொழி, எஸ்க்யூஎல், கிட், எழுதியதை நெட்டில் ஏற்றுவது. ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசப் பாடத்திட்டம் தன் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரம் என்று கணக்குச் சொல்லி வந்தது. தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஒரு சான்றிதழுக்கே 150 நாள். ஒருவருக்கு அதுபோல மூன்று நான்காவது வேண்டியிருக்கும். நான் சொன்ன ஓராண்டு, ஒன்றரை ஆண்டு இதிலிருந்தே வந்துவிடுகிறது. ஆனால் இது படிப்புக் கணக்கு மட்டும். தினமும் இரண்டு மணி நேரத்தை எட்டு மணி நேரமாக்கினால் இது சுருங்கவும் செய்யும். எவ்வளவு உழைத்தாலும் சுருங்காத இன்னொரு பகுதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அமீர்பேட்டில் 90 நாள் ஃபுல் ஸ்டாக் முடித்திருந்தான். எல்லோரும் செய்யும் ஷாப்பிங் தளம், லைப்ரரி மேனேஜ்மென்ட் என்று இரண்டு புராஜெக்ட்டும் அவன் ரெஸ்யூமேயில் இருந்தன. அவனிடம் நான் சொன்னது இதுதான்: நிஜமான மனிதர்கள் தினமும் பயன்படுத்துகிற ஒன்றைச் செய், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. அவன் தங்கியிருந்த ஹாஸ்டலில் அறுபது பேர். மூன்று வேளை மெஸ். யார் எந்த வேளை சாப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டு, மாதக் கடைசியில் கூட்டிப் பணம் வாங்குவார்கள். அந்த நோட்டை அவன் ஒரு வெப் பக்கமாக்கினான். பெயரைத் தொட வேண்டும், வேளையைத் தொட வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும். ஒரு வாரத்தில் முடித்துவிட்டான், லேப்டாப்பில் அழகாக ஓடியது.

ஹாஸ்டலுக்குள் போன முதல் இரவே தகராறு. வைஃபை மெதுவாக இருந்தது. பட்டனை அழுத்தினால் இரண்டு மூன்று நொடி ஒன்றும் நடக்காததுபோல் இருக்கிறது. பசியோடு நிற்பவர் இன்னொரு முறை அழுத்துகிறார். ஒருவருக்கு இரண்டு சாப்பாடு பதிவாகிவிட்டது. அழுத்தியதும் பட்டன் முடங்கும்படி பையன் மாற்றினான். பக்கத்தை ரீலோட் செய்தவர்களுக்கு அப்போதும் இரண்டு. உட்கார்ந்து பேசினோம். பட்டனில் தீர்க்கும் பிரச்சினை இல்லை இது. ஒரே ஆள், ஒரே தேதி, ஒரே வேளை என்றால் ஒரு வரிக்கு மேல் ஏற்காதே என்று டேட்டாபேஸிடமே சொல்லிவைக்க வேண்டும். 'யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்பதை அவன் கிளாஸில் படித்து, நோட்டில் எழுதி, மாக் இன்டர்வியூவில் சரியாகப் பதிலும் சொன்னவன்தான். எதற்காக அது இருக்கிறது என்பது அன்று இரவுதான் அவனுக்குத் தெரிந்தது.

இந்தப் பாடம் முதல் நாளே வந்துவிட்டது. அடுத்தது வர மாதம் முடிய வேண்டியிருந்தது. அந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் அமெரிக்க நேரத்துக்கு ஷிப்ட் பார்ப்பவர்கள். இரவு இரண்டு, மூன்று மணிக்குக் கேப் வந்து இறக்கிவிடும். படுப்பதற்கு முன் காலை டிபனுக்குப் பதிந்துவிட்டுத் தூங்குவார்கள். ஒன்றாம் தேதி அதிகாலை பதிந்தது போன மாதக் கணக்கில் விழுந்திருந்தது. பையன் போன் செய்தான். "அண்ணா, லேப்டாப்புல சரியா வருது. சர்வர்ல மட்டும் தேதி ஒரு நாள் பின்னாடி போகுது."

"எல்லாருக்குமா, சில பேருக்கா?"

"சில பேருக்குதான். நைட் ஷிப்ட் பசங்களுக்கு."

அந்த வார்த்தையைச் சொன்னதும் அவனே நிறுத்தினான். அவனுடைய லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடியது. அவன் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் பதிந்தவர்கள் எல்லோருக்கும் சர்வரில் இன்னும் நேற்றுதான். பகல் முழுக்க எத்தனை முறை சோதித்திருந்தாலும் அவன் இதைப் பார்த்திருக்க முடியாது. மற்ற நாட்களில் ஒரு டிபன் முன்னே பின்னே போனதை யாரும் கவனிக்கவும் இல்லை. மாதம் மாறும் இரவில், பில்லில் ரூபாயாக வந்தபோதுதான் கவனித்தார்கள்.

மூன்றாவது பாடத்துக்கு ஒருவர் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வேலை மாறிப் பெங்களூரு போனவரின் பெயரை ஹாஸ்டல்காரர் பட்டியலிலிருந்து நீக்கினார். அவர் அதுவரை சாப்பிட்ட கணக்கும் சேர்ந்து அழிந்தது, அந்த மாத மொத்தம் உதைத்தது. பெயரை நீக்கினால் அதோடு சேர்ந்தவை எல்லாம் நீங்கட்டும் என்று பையன் டேட்டாபேஸில் போட்டிருந்த ஏற்பாடு, கிளாஸில் காட்டிய உதாரணத்தில் மிகச் சரியானது. மனிதர் போனாலும் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் அது தவறு. அதன்பின் யாரையும் அழிக்காமல், 'இப்போது இல்லை' என்று ஒரு குறி வைக்கப் பழகினான்.

நான்காவது பாடம் தன்னால் ஊறி வந்தது. அறுபது பேர், மூன்று வேளை, முப்பது நாள்: மாதம் 5,400 வரிகள். நான்கு மாதத்தில் 21,600. அவன் எழுதிய பக்கம், தொடங்கிய நாள் முதல் உள்ள எல்லா வரிகளையும் பிரவுசருக்கு இழுத்துவந்து, அங்கே வைத்துக் கூட்டியது. லேப்டாப்பில் பத்து வரி வைத்துச் சோதித்தபோது கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. நான்காம் மாதம் ஹாஸ்டல்காரரின் போன் திணறி நின்றுவிட்டது. கூட்டும் வேலையை டேட்டாபேஸிடம் விட வேண்டும், வேண்டிய மாதத்தை மட்டும் கேட்க வேண்டும், தேதிக்கு இண்டெக்ஸ் போட வேண்டும். ஒரு மணி நேர வேலைதான். அந்த ஒரு மணி நேரத்தை முதல் மாதத்தில் அவனுக்கு நான் கொடுத்திருக்க முடியுமா? சொல்லியிருக்கலாம். அவனும் தலையாட்டியிருப்பான்.

இந்த நான்கையும் அடுக்கிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இவற்றை ஒரு ஆசிரியர் ஒரே பிற்பகலில் நடத்திவிடலாம். புரியவும் செய்யும். ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு ஒருவர் பதிய வேண்டும், மாதம் முடிய வேண்டும், ஒருவர் அறையைக் காலி செய்ய வேண்டும், வரிகள் இருபதாயிரத்தைத் தாண்ட வேண்டும். அவை நடக்கும்போது அந்த நிரலை எழுதியவர் அங்கே இருக்க வேண்டும். நாற்றை எவ்வளவு நெருக்கி நட்டாலும் கதிர் அதன் மாதத்தில்தான் வரும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் படிப்பவருக்கும் பிப்ரவரி இருபத்தெட்டு நாளுக்குப் பிறகுதான் முடிகிறது. ஓராண்டு வேண்டும் என்று நான் சொல்வதில் கற்பவரின் வேகத்தைப் பற்றிய சந்தேகம் எதுவும் இல்லை. ஒரு தளத்துக்கு ஓராண்டில் நேரக்கூடியவை நேர வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அது அவனுக்கு ஆறேழு மாதம் கழித்து நடந்தது. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தனி விலை வைத்தார்கள். மாற்ற வேண்டி அவன் தன் நிரலைத் திறந்தான். 'டேட்டா2' என்றும் 'டெம்ப்' என்றும் 'ஃபைனல்நியூ' என்றும் பெயர் வைத்திருந்தவை எவை எதற்கு என்று அவனுக்கே விளங்கவில்லை. ஒரு முழு ஞாயிறு அதிலேயே போனது. நல்ல பெயர் வைக்க வேண்டும், ஒரு ஃபங்ஷன் ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதெல்லாம் தானே எழுதியது தனக்கே அந்நியமாகும் அளவுக்கு நாள் கடந்த பிறகுதான் ஒருவருக்குள் இறங்குகிறது. மறப்பதற்கும் காலம் வேண்டும் அல்லவா?

தமிழிலும் தெலுங்கிலும் எழுதும் நமக்கென்று இன்னொரு பாடம் தனியாகக் காத்திருக்கிறது. எந்தச் சிலபஸிலும் நான் இதைப் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெயர்ப் பெட்டியில் பத்து எழுத்துக்கு மேல் ஏற்காதே என்று எச்டிஎம்எல்லில் ஒரு வரம்பு போடுகிறீர்கள். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை எண்ணிப் பாருங்கள்: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. எட்டு எழுத்து. பத்துக்குள் அடங்க வேண்டும். பெட்டியில் ஒட்டினால் 'கிருஷ்ணமூர' என்று நின்றுவிடும். யூனிகோடில் 'கி' என்பது ஒன்றல்ல, இரண்டு: 'க' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. புள்ளியும் தனியாக ஒன்று. கணினியின் கணக்கில் அந்தப் பெயருக்கு நீளம் பதினைந்து. ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதித்தவருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம்.

இன்னும் நுட்பமான ஒன்று: 'கோ' என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஓர் இரட்டைக் கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆனால், அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு அவை வேறு வேறு. கோபால் என்ற பெயர் ஒரு வழியாகப் பதிவாகி, இன்னொரு வழியாகத் தேடப்பட்டால், "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வரும். ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். பதிவதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் 'நார்மலைஸ்' செய்ய வேண்டும் என்பது தீர்வு. 2015ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே அதற்கு வசதி உண்டு. மனிதர் எண்ணுவதுபோல எழுத்தை எண்ணித் தரும் 'செக்மென்டர்' எல்லா முக்கிய பிரவுசர்களிலும் கிடைக்கத் தொடங்கியதோ 2024இல், ஃபயர்ஃபாக்ஸிலும் அது வந்த பிறகுதான். அதுவரை பல ஆண்டு அனுபவம் உள்ள நாங்களும் சுற்றுவழியில்தான் எண்ணினோம். தமிழில் ஒழுங்காக இயங்கும் தளம் கட்ட வேண்டும் என்பதில் எனக்குத் தனிப் பிடிவாதம் உண்டு. நம் அம்மாக்களின் பெயரைப் பாதியில் வெட்டாத ஒரு ஃபார்ம் எழுத இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும்.

2001இல் கணினி விஞ்ஞானி பீட்டர் நார்விக், 'பத்தாண்டில் புரோகிராமிங் கற்றுக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். 24 மணி நேரத்தில் கற்கலாம், 7 நாளில் கற்கலாம் என்று புத்தகக் கடையில் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கு அவர் சொன்ன பதில் அது. பத்தாண்டு என்ற அவருடைய எண் எந்தக் கலையிலும் தேர்ச்சி பெற ஆகும் காலம் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. நான் அந்த எண்ணை அமீர்பேட் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. இருபத்திரண்டு வயதில், வீட்டிலிருந்து வரும் பணத்தில் ஹாஸ்டல் வாடகை கட்டுகிறவர்களுக்குப் பத்தாண்டு என்ற சொல்லால் ஒரு பயனும் இல்லை. அடுத்த மூன்று மாதத்தில் எதைச் செய்வது என்று தெரிந்தால் அவர்கள் செய்துவிடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தக் கணக்கு மாறவில்லையா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல் லாகின் பக்கம், ஃபார்ம், டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் நிமிடத்தில் எழுதிக் கிடைக்கிறது. படிப்புக் கணக்கில் ஒரு பகுதி நிச்சயம் குறைந்திருக்கிறது. ஒரு பிழைச் செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் விழித்த காலம் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மெஸ் கணக்கை அது எழுதித் தந்திருந்தாலும் நைட் ஷிப்ட் பிரச்சினை அதே ஒன்றாம் தேதிதான் வந்திருக்கும். ஹாஸ்டலில் பாதிப் பேர் அதிகாலையில் வருகிறார்கள் என்பதை அதனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது முக்கியம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. முதல் மூன்று நான்கு மாதம் கையால் எழுதுங்கள், புரியாத இடத்தை மட்டும் அதனிடம் விளக்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்கிறேன். நாலு வரியைத் தானே எழுதித் தவித்தவருக்குத்தான் அது தரும் நாற்பது வரியில் எந்த வரியில் கண்ணை நிறுத்துவது என்று தெரிகிறது.

ஒரு வேதனையான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் செய்யாத வேலைக்கு இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் என்று சான்று தயாரித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிரெஷராக விண்ணப்பித்து விண்ணப்பித்துச் சோர்ந்தவர்கள் அதில் போய் விழுகிறார்கள். பின்னணி விசாரணையில் பிடிபட்டு வேலை போனவர்களை எனக்குத் தெரியும். பிடிபடாதவர்களின் பாடு அதைவிட மோசம். மூன்றாண்டுக்காரரிடம் கொடுக்கும் வேலையை நிறுவனம் அவர்களிடம் கொடுத்துவிடுகிறது. இரவில் ஹாஸ்டல் அறையில் வேறு யாருக்கோ பணம் கொடுத்துத் திரை பகிர்ந்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் போகும் மாதங்களில் அவர்களுக்கு எதுவும் சேர்வதில்லை. வயதும் பயமும் மட்டும் கூடுகின்றன.

ஆள் எடுக்கும்போது நான் என்ன பார்க்கிறேன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரெஸ்யூமேயில் எத்தனை டெக்னாலஜி என்று பார்ப்பதில்லை. ஆறு மாதமாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டச் சொல்கிறேன். அதில் முதலில் எப்படி எழுதினீர்கள், பிறகு எதை மாற்றினீர்கள், மாற்றும்படி வந்தது ஏன் என்று கேட்கிறேன். இதற்குப் பதில் இருப்பவர் கண்கள் விரியப் பேசத் தொடங்கிவிடுவார்; நிறுத்துவது கஷ்டம். ஷாப்பிங் தளம் புராஜெக்ட்டை வரி மாறாமல் ஒப்பிப்பவரிடம் அந்தக் கேள்விக்குப் பிறகு பேச ஒன்றும் இருப்பதில்லை. அவர் மீது குறை இல்லை. அவருடைய தளத்தில் இதுவரை ஒருவர்கூட ஒரு பொருளும் வாங்கியதில்லை.

எனவே அந்த அப்பாக்களுக்கு என் யோசனை இது. 90 நாள் வகுப்பில் சேருங்கள். அது வீண் இல்லை. இரண்டாம் மாதத்திலேயே, தெரிந்த ஒருவருக்கு நிஜமாக உதவும் சின்னத் தளம் ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள்: சித்தப்பாவின் உரக்கடைக் கடன் கணக்கு, ஊர் டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு, எதுவானாலும். ஓராண்டு அது நிற்காமல் ஓட வேண்டும். வகுப்பு முடிந்ததும் டெவலப்பர் வேலையே வேண்டும் என்று காத்திருக்காமல், டெஸ்டிங்கோ சப்போர்ட்டோ கிடைத்தால் சேரட்டும். சப்போர்ட்டில் இருப்பவர் ஒரு தளம் எங்கெல்லாம் உடையும் என்பதைத் தினமும் பார்க்கிறார். அந்தப் பார்வை பிறகு எழுத வரும்போது கைகொடுக்கிறது. சம்பளம் குறைவாக இருந்தாலும் வாடகை வந்துவிடும், வீட்டின் நெருக்கடி தணியும், பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். சித்தூர்ப் பையன் அப்படித்தான் கச்சிபௌலியில் ஒரு சப்போர்ட் வேலையில் சேர்ந்தான். எழுதும் வேலைக்கு மாறியது இரண்டாம் ஆண்டில். மேற்கொண்டு படிக்க விரும்பினால் அமீர்பேட்டில் அதிகாலை பேட்சுகள் உண்டு. வகுப்பை முடித்துக்கொண்டு நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஹைடெக் சிட்டி. ஷிப்டுக்கு நேரத்துக்குப் போய்விடலாம்.